நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், டாக்டர்?

மருத்துவரின் அறையில் நோயாளிகள் கேட்கும் கேள்விகளில் மிகப் பழையதும், பதில் சொல்லக் கடினமானதும் ஒன்றுண்டு: "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், டாக்டர்?" இதற்குப் பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டு விதங்களில் ஒன்றாகப் பதில் சொல்கிறார்கள். சிலர், கேள்வி முடியும் முன்பே, "நானாக இருந்தால் உடனே ஆபரேஷன் செய்துகொள்வேன்" என்கிறார்கள். வேறு சிலர், "அதை நான் சொல்லக் கூடாது, முடிவு உங்களுடையது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். முதலாவது பழைய காலத்து அதிகாரம் என்றும், இரண்டாவது இக்காலத்து மரியாதை என்றும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாம் நினைக்குமளவு தூரம் இல்லை என்பது என் எண்ணம். கேட்டவர் எப்படிப்பட்டவர், எதற்கு அஞ்சுகிறார், எதை இழந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார் என்பதை இரண்டு பதில்களுமே விசாரிப்பதில்லை.

அதிகாரத்தின் காலம் அவ்வளவு தொலைவில் இல்லை. 1961-இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 மருத்துவர்களிடம், புற்றுநோய் என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்வீர்களா என்று கேட்டபோது, அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் சொல்லாமல் விடுவதே தங்கள் வழக்கம் என்றார்கள். 1979-இல் அமெரிக்காவில் வேறொரு மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். இடையில் கழிந்தது பதினெட்டே ஆண்டுகள். 1961-இன் மருத்துவர்கள் இரக்கமற்றவர்கள் என்று முடிவுகட்டிவிட முடியாது. சொன்னால் நோயாளி மனம் உடைந்து போவார் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்கள் யாரிடமும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே அதில் சிக்கல். தனக்கு என்ன நோய் என்று அறியாத ஒருவர், தனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எப்படிப் புகார் செய்வார்?

சட்டம் இந்த விஷயத்தில் மருத்துவத்துக்கு முன்னால் நடந்தது, ஆனால் மிக மெதுவாக. 1914-இல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்க மட்டுமே சம்மதித்து, அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று தான் சொல்லியிருந்ததாகவும், மயக்கத்தில் இருந்தபோது கட்டியை அகற்றிவிட்டார்கள் என்றும் ஒரு பெண் முறையிட்டார். வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அந்தத் தீர்ப்பில்தான் எழுதினார். மருத்துவ அறம் பற்றிய பாடநூல்கள் பலவற்றிலும் இந்த வாசகம் இருக்கிறது. அந்தப் பெண் வழக்கில் தோற்றார் என்பது அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை. மருத்துவர்களின் செயலுக்குத் தொண்டு நிறுவனமான மருத்துவமனை பொறுப்பாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது என்பது ஒரு கட்டம். தொடுவதற்கு முன் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது அடுத்த கட்டம், இன்னும் சிக்கலான கட்டம். இங்கிலாந்தில் 1957-இன் போலம் வழக்கிலிருந்து வந்த அளவுகோல், பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் அது தவறாகாது என்பது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதையும் நெடுங்காலம் அதே அளவுகோல்தான் தீர்மானித்தது. 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில் இதை மாற்றியது. வழக்குத் தொடுத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு தாய்; நீரிழிவு உள்ளவர், உயரம் குறைந்தவர். நீரிழிவு உள்ள தாய்மாரின் குழந்தைகள் பெரிதாக வளரக்கூடும் என்பதால், இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. பிரசவத்தில் தோள் சிக்கியது; குழந்தை கடும் உடல் பாதிப்புகளோடு பிறந்தது. ஏன் சொல்லவில்லை என்பதற்கு மருத்துவர் கூறிய காரணம்தான் இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது: சொன்னால் எல்லாப் பெண்களும் சிசேரியன் கேட்பார்கள், அது அவர்களுக்கு நல்லதல்ல.

இந்தக் காரணத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தகவல் முக்கியமில்லாதது என்பதால் அது மறைக்கப்படவில்லை. அது முடிவை மாற்றிவிடும் அளவுக்கு முக்கியமானது என்பதாலேயே மறைக்கப்பட்டது. நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எதைப் பொருட்படுத்துவாரோ, அல்லது இந்தக் குறிப்பிட்ட நோயாளி எதைப் பொருட்படுத்துவார் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ, அதைச் சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் வேறொரு வழியில் சென்றது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது, அவசர நிலை எதுவும் இல்லாதபோது அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று அது உறுதியாகச் சொன்னது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வியை மட்டும் மருத்துவத் துறையின் ஏற்கப்பட்ட நடைமுறைக்கே விட்டுவிட்டது.

இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகு நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது என்னவோ ஒரு காகிதம். ஒப்புதல் படிவம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு, பல சமயங்களில் அன்று காலையிலேயே, செவிலியர் ஒருவர் கொண்டுவந்து நீட்டும் மூன்று பக்கங்கள். மரணம் உட்பட எதுவும் நேரலாம் என்று அதில் எழுதியிருக்கும். எதுவும் நேரலாம் என்பது தகவலே அல்ல. எது, எவ்வளவு, இதைச் செய்துகொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பவை தகவல். வெறும் வயிற்றோடு, நீல அங்கி அணிந்து, ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருப்பவரிடம் வாங்கும் கையெழுத்து அவர் மறுக்கவில்லை என்பதைக் காட்டுமே தவிர, அவர் தேர்ந்தெடுத்தார் என்பதைக் காட்டாது.

ஒதுங்கிக்கொள்ளும் மருத்துவரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தனக்கென்று தேர்ந்தெடுப்பதும் பிறருக்கென்று பரிந்துரைப்பதும் ஒன்றல்ல என்பதற்குச் சான்றே உண்டு. பீட்டர் யூபெலும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு இரண்டு அறுவைச் சிகிச்சைகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும்படி மருத்துவர்களிடம் சொன்னார்கள். ஒன்றில் இறக்கும் வாய்ப்பு சற்று அதிகம், ஆனால் பிழைத்தவர்களுக்குப் பின்விளைவுகள் இல்லை. இன்னொன்றில் இறப்பு குறைவு, ஆனால் சிலர் வயிற்றில் பை கட்டிக்கொண்டோ, தீராத வயிற்றுப்போக்கோடோ வாழ நேரும். தங்களுக்கே நோய் வந்ததாக வைத்துக்கொண்ட மருத்துவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் இறப்பு அதிகமுள்ள முதல் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிக்குப் பரிந்துரைக்கச் சொன்னபோது அதைச் சொன்னவர்கள் சுமார் 25 சதவீதம் பேர்தான். எது சரி? பிறருக்குச் சொல்லும்போது அவர்கள் தெளிவாக யோசித்தார்களா, தனக்கென்று யோசித்தபோதுதான் வாழ்க்கையின் தரம் கண்ணுக்குத் தெரிந்ததா? ஆய்வு அதைத் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் "நீங்களாக இருந்தால்" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் இல்லை என்பதை அது காட்டிவிட்டது.

அந்தக் கேள்வி நன்றாகக் கையாளப்பட்டதை நான் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் அண்ணனுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று திசுப் பரிசோதனையில் தெரியவந்தது. ஆரம்ப நிலை, சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை. மருத்துவர், ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி, மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னார்: அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, அல்லது எதுவும் செய்யாமல் ரத்தப் பரிசோதனைகளோடு தொடர்ந்து கண்காணிப்பது. அண்ணன் அதிகம் யோசிக்கவில்லை. "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க, டாக்டர்?" என்று கேட்டார். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க எனக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். உள்ளே ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே உங்களால ராத்திரி தூங்க முடியுமா? ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச காலம், ஒருவேளை எப்பவுமே, சிறுநீர் கசியலாம். அதோட உங்களால இருக்க முடியுமா?"

அண்ணன் பள்ளி ஆசிரியர். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர். "தூங்கிடுவேன் டாக்டர். வகுப்புல நிக்கும்போது துணி நனைஞ்சா, அதுக்கப்புறம் என்னால பள்ளிக்கூடத்துக்குப் போகவே முடியாது." அண்ணி இடைமறித்து, "அதெல்லாம் பார்த்துக்கலாம், முதல்ல அதை எடுத்துடுங்க டாக்டர்" என்றார். மருத்துவர் அண்ணியின் பக்கம் திரும்பி, "உங்க பயம் எனக்குப் புரியுதும்மா, அதையும் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி அண்ணனைப் பார்த்தார். "உங்க இடத்துல நான் இருந்தா, நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா, இப்போதைக்குக் கண்காணிப்புல இருப்பேன். என் இடத்துல நான் இருந்தா ஒருவேளை ஆபரேஷன் பண்ணிக்குவேன். ஏன்னா எனக்குத் தூக்கம் வராது."

இந்தப் பதிலில் நடந்ததை நான் பின்னர்தான் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அவர் கேள்வியைத் தவிர்க்கவில்லை, பரிந்துரை சொன்னார். அந்தப் பரிந்துரை எதன்மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார், ஆகவே அண்ணன் நினைத்தால் அந்த அடித்தளத்தையே மறுத்திருக்க முடியும். தன் சொந்த அச்சத்தை மறைக்காமல், அதற்குத் தன்னுடையது என்று பெயரிட்டு ஓரமாக வைத்தார். மருத்துவர்–நோயாளி உறவைப் பற்றி எசகியேல் இமானுவேலும் லிண்டா இமானுவேலும் 1992-இல் எழுதிய கட்டுரை, தந்தையைப் போல முடிவெடுப்பவர், தகவல் மட்டும் தருபவர், நோயாளியின் விழுமியங்களை அவருக்கே விளக்கிக் காட்டுபவர், அவற்றைப் பற்றி அவரோடு விவாதிப்பவர் என்று நான்கு வகை மருத்துவர்களை வரைகிறது. அந்த அறையில் மூன்றாவது வகை சில நிமிடங்கள் உயிரோடு இருந்தது.

அவர் அப்படிச் சொல்ல முடிந்ததற்குப் பின்னால் உறுதியான ஆதாரமும் இருந்தது. பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வில், 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்கள் குலுக்கல் முறையில் இந்த மூன்று வழிகளுக்கும் பிரிக்கப்பட்டார்கள். 2023-இல் வெளியான பதினைந்தாண்டு முடிவுகளின்படி, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று குழுக்களிலும் சேர்த்து 45 பேர், அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நோய் பிற இடங்களுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் சுமார் 9 சதவீதம், மற்ற இரண்டிலும் சுமார் 5 சதவீதம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஆறு மாதம் கழித்துக் கசிவுக்கு உறிஞ்சுபட்டை பயன்படுத்தியவர்கள் 46 சதவீதம், ஆறு ஆண்டுகள் கழித்து 17 சதவீதம். இந்த எண்களில் எதை முதலில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே கேட்பவரின் மனம் சாயும். உயிர்பிழைப்பு ஒன்றே கணக்கு என்றால் மூன்றும் சமம். பரவல் என்றால் கண்காணிப்பு பின்தங்குகிறது. அன்றாட வாழ்க்கை என்றால் அறுவைச் சிகிச்சை பின்தங்குகிறது. எது "கணக்கு" என்பதை மருத்துவ அறிவியல் சொல்லாது.

எண்களைச் சொல்லும் விதத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இன்னும் என்னைக் கலங்க வைக்கிறது. 1982-இல் பார்பரா மக்னீலும் சகாக்களும் நுரையீரல் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய இரண்டின் முடிவுகளை ஒரு சாராருக்குப் பிழைப்பவர்களின் கணக்காகவும், இன்னொரு சாராருக்கு இறப்பவர்களின் கணக்காகவும் கொடுத்தார்கள். நூறு பேரில் தொண்ணூறு பேர் அறுவைச் சிகிச்சையைக் கடந்து வருவார்கள் என்பதும், பத்துப் பேர் அதில் இறப்பார்கள் என்பதும் ஒரே செய்திதான். ஆயினும் இறப்புக் கணக்கைக் கேட்டவர்களில் கணிசமானோர் அறுவைச் சிகிச்சையைக் கைவிட்டுக் கதிர்வீச்சின் பக்கம் போனார்கள். கேட்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. "நான் தகவலைத்தான் தந்தேன், முடிவு அவருடையது" என்று சொல்லும் மருத்துவர், தகவலை எந்தப் பக்கமாகத் திருப்பி நீட்டினார் என்பதிலேயே பாதி முடிவை எடுத்துவிட்டிருக்கலாம், தானே அறியாமல். இரண்டு பக்கமும் சொல்வதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மாற்று: நூறு பேரில் தொண்ணூறு பேர் பிழைப்பார்கள், பத்துப் பேர் பிழைக்க மாட்டார்கள். சதவீதத்தைவிட ஆட்களின் எண்ணிக்கையாகச் சொன்னால் பலருக்கும் எளிதில் புரிகிறது.

மருத்துவரின் விருப்பம் ஓசையில்லாமல் முடிவாகிவிடும் என்பது தனி ஓர் அறையில் கண்ணுக்குத் தெரியாது. பல ஊர்களை அருகருகே வைத்தால் தெரியும். 1973-இல் ஜான் வென்பெர்க்கும் ஆலன் கிட்டல்சோனும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். டான்சில் அகற்றும் அறுவைச் சிகிச்சை ஒரு பகுதியில் நடந்ததைப்போல் இன்னொரு பகுதியில் பத்து மடங்குக்கும் மேல் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளின் தொண்டை பகுதிக்குப் பகுதி அவ்வளவு மாறுபடாது. மாறுபட்டது மருத்துவர்களின் நம்பிக்கை. அந்தப் பெற்றோர்களுக்கோ, தங்கள் பிள்ளைக்கு இது தேவை என்று மட்டுமே தெரிந்திருக்கும்.

இவ்வளவு பேசுவதற்கு மருத்துவருக்கு நேரம் எங்கே என்பார்கள். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாகப் பதினெட்டு விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார் என்று தெரியவந்தது. என் அண்ணனிடம் கேட்கப்பட்ட அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில்களுக்கும் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்திருப்பதற்கு வேண்டுமானால் பல ஆண்டுகள் ஆகலாம்.

நோயாளி மறுக்கும்போதுதான் எல்லாம் சோதனைக்கு வருகிறது. மருத்துவரின் பரிந்துரையை ஏற்றுக்கொள்பவரிடம், உங்களுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மறுப்பவரின் திறன்மீதுதான் ஐயம் எழுகிறது. பால் ஆப்பல்பாமும் தாமஸ் கிரிஸ்ஸோவும் 1988-இல் வகுத்த அளவுகோல் இந்தச் சாய்வைக் கட்டுப்படுத்தப் பயன்படுகிறது: தன் தேர்வைத் தெரிவிக்க முடிகிறதா, தகவலைப் புரிந்துகொள்கிறாரா, அது தன் நிலைமைக்குப் பொருந்துவதை உணர்கிறாரா, தகவலைக் கொண்டு யோசிக்க முடிகிறதா. முடிவு சரியானதா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்தில் 1993-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், மனச்சிதைவு நோயோடு காப்பு மருத்துவமனையில் இருந்த ஒருவர், அழுகத் தொடங்கிய காலை முழங்காலுக்குக் கீழே வெட்டக் கூடாது என்று மறுத்தார். வெட்டாவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம்தான் என்று அறுவை மருத்துவர் கணித்திருந்தார். தான் புகழ்பெற்ற மருத்துவர் என்ற மாயையில் இருந்தவர் அவர். ஆயினும் தன் கால் பற்றிய தகவலை அவர் புரிந்துகொள்கிறார், நம்புகிறார், எடைபோடுகிறார் என்று நீதிமன்றம் கண்டு, அவருடைய சம்மதம் இல்லாமல் காலை வெட்டத் தடை விதித்தது.

மறுக்கும் உரிமை கேட்டதையெல்லாம் பெறும் உரிமையாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாட்டிக் கேட்பவருக்கு அதை எழுதித்தர மருத்துவர் கடமைப்பட்டவர் அல்ல. பயன் இல்லாததை முடியாது என்று காரணத்தோடு சொல்வதும் மரியாதைதான்.

உறவினர்களைப் பற்றிப் பேசுவது எனக்குச் சங்கடமானது, ஏனென்றால் அன்று நானும் அந்த அறையில் ஓர் உறவினன். அண்ணியின் அச்சம் பொய்யல்ல. நோயோடு அவரும்தான் வாழப்போகிறார். ஆனால் அவருடைய அச்சத்தைத் தணிக்க அண்ணன் தன் உடலைக் கொடுக்க வேண்டும் என்றாகிவிடக் கூடாது. மருத்துவர் அன்று அண்ணியை அடக்கவும் இல்லை, அவருக்கு வாக்குரிமை வழங்கவும் இல்லை. கண்காணிப்பு என்றால் நோயைக் கைவிடுவது அல்ல என்பதையும், எந்த எண் எவ்வளவு ஏறினால், திசுப் பரிசோதனையில் என்ன மாற்றம் தெரிந்தால் சிகிச்சைக்கு மாறுவோம் என்பதையும் அவரிடமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அண்ணி அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் கேட்டவையெல்லாம் அந்த எண்களைப் பற்றியவை.

இன்னும் ஒரு வகையினர் இருக்கிறார்கள். "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்து முடிவெடுங்கள்" என்பவர்கள். நோயாளியே முடிவெடுக்கும் தன்னாட்சியைப் பற்றி எழுதுபவர்கள் இவர்களை ஏதோ குறைபாடு உள்ளவர்களைப் போல நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. தன் முடிவை இன்னொருவரிடம் ஒப்படைப்பதும் ஒருவர் எடுக்கும் முடிவே. களைத்துப் போனவருக்கு எண்களைத் திணிப்பது இன்னொரு வகை அதிகாரம். ஆனால் ஒப்படைப்பவர் எதை ஒப்படைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் மட்டும் வேண்டாமா, முடிவெடுக்கும் பொறுப்பும் வேண்டாமா? பின்விளைவு நேர்ந்தால் அப்போது சொல்லலாமா? வேறு யாரிடமாவது பேசலாமா? உயிரைக் காக்க எதையும் செய்யலாம் என்பது பொருளா, அல்லது வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதுமா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் ஏற்கும் பொறுப்பு, 1961-இன் மௌனத்தையே வேறு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும். முதல் நாள் எதுவும் வேண்டாம் என்றவர் மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் கேட்கலாம் என்பதால், சிகிச்சை ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பும்போது அவரிடம் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது, மருத்துவக் குறிப்பேட்டில் "நோயாளி விவரம் அறிய விரும்பவில்லை" என்று ஏற்கெனவே எழுதியிருந்தாலும்.